இணைய முகவரியிலிருந்து டொமைன் பெயரைப் பிரித்தெடுத்தல்

நீண்ட முகவரிப் பட்டியலிலிருந்து டொமைன் பெயர்களை மட்டும் எடுக்க ரெகுலர் எக்ஸ்பிரஷன் (ரெஜெக்ஸ், எழுத்துகளின் வடிவத்தைக் கொண்டு உரையில் தேடும் குறியீட்டுத் தொடர்) எழுதுவோர் பலர், டொமைனில் எந்தெந்த எழுத்துகள் வரலாம் என்று பட்டியலிடத் தொடங்குகிறார்கள். ஆங்கில எழுத்து, எண், சிறுகோடு, புள்ளி என்று அடைத்துவிட்டால் உதாரணம்.பரிட்சை போன்ற பெயர் சிக்காது. 2007-இல் தமிழ் டொமைன்களைச் சோதிக்க, டொமைன் பெயர்களை ஒருங்கிணைக்கும் அமைப்பான ஐகேன் பயன்படுத்திய பெயர் அது. டொமைன் எங்கே முடிகிறது என்று கேட்பதே எளிது.

இணைய முகவரிகளின் அமைப்பை வரையறுக்கும், 2005-இல் வெளியான ஆர்.எஃப்.சி. 3986 என்ற ஆவணத்தின்படி, இரட்டைச் சாய்கோட்டுக்குப் பின் தொடங்கும் பகுதி அடுத்த சாய்கோடு, கேள்விக்குறி, # ஆகியவற்றுள் முதலில் வருவதோடு, அல்லது முகவரியின் முடிவோடு நின்றுவிடும். அதை அப்படியே எழுதினால்:

^[^:/?#]+://([^/?#]*)

முதல் குரூப்பில், அதாவது பிறை அடைப்புக்குள் பிடிபடும் பகுதியில், கிடைப்பது இன்னும் டொமைன் அன்று. முகவரியில் //பயனர்@உதாரணம்.பரிட்சை:8080/பக்கம் என்றிருந்தால், பயனர் பெயரும் போர்ட் எண்ணும் சேர்ந்தே வரும். ஆகவே:

^[^:/?#]+://(?:[^/?#]*@)?([^/?#:]+)

நடுவிலுள்ள (?:…)? பகுதி @ வரையுள்ளதை, இருந்தால் மட்டும், குரூப்பில் சேர்க்காமல் தாண்டுகிறது. அங்கே சோம்பல்பட்டு .*@ என்று எழுதிவிடக் கூடாது. பக்கத்தின் பாதையில் /@பெயர் என்று வந்தால் அந்தப் பெயரையே டொமைன் என்று அது எடுத்துக் கொடுக்கும். தொடக்கத்திலுள்ள ^ குறியையும் விடக்கூடாது. அது இல்லாவிட்டால், https:// போன்ற நெறிமுறை இல்லாமல் எழுதப்பட்ட முகவரியொன்றின் கேள்விக்குறிக்குப் பின்னே வேறொரு முழு முகவரி இருக்கும்போது, அந்த இரண்டாவதின் டொமைன் வந்து விழும்.

ஜாவாஸ்கிரிப்டில் இரு சாய்கோடுகளுக்கிடையே எழுதும்போது :// என்பதை :\/\/ என்று எழுத வேண்டும். கிடைத்த பெயரைச் சிற்றெழுத்தாக்கிய பின் ஒப்பிடுங்கள்.

பெயருக்குப் பதில் சதுர அடைப்புக்குள் வரும் ஐபிவி6 எண் முகவரியில் முக்காற்புள்ளிகள் (:) இருப்பதால் இந்த வடிவம் அங்கே தவறாகிவிடும். துணை டொமைனை நீக்கிப் பதிவு செய்யப்பட்ட பெயரை மட்டும் எடுப்பதும் ரெஜெக்ஸால் ஆகாது: .காம் ஒற்றைச் சொல், .கோ.யூகே இரட்டைச் சொல் என்பதைக் குறியீடுகள் அறியா. அதற்கு இத்தகைய இறுதிப் பகுதிகளின் பட்டியலான பப்ளிக் சஃபிக்ஸ் லிஸ்ட் வேண்டும். பாதுகாப்பு சார்ந்த முடிவு எடுக்கும் இடமென்றால், பின்சாய்கோட்டையும் (\) உலாவிகள் சாய்கோடாகக் கொள்வதால், நிரல்மொழியோடு வரும் முகவரிப் பகுப்பானையே பயன்படுத்துங்கள்.