வலி மூளைக்குப் போற பாதை: ஒரே தாள்ல வரையலாம் வாங்க

பிசியோ முதல் வருஷம் வைவால இந்தப் படத்தைக் கேட்டாங்க, எல்லாம் சரியா போட்டேன், வலிச் சேதி இடது வலதுன்னு பக்கம் மாறுற இடத்தை மட்டும் முகுளத்துல (மூளைத்தண்டோட அடிப்பகுதி) போட்டு மார்க் போச்சு. அதனால அந்த இடத்துல கொஞ்சம் நின்னு சொல்றேன். நியூரான் (நரம்பு செல்), சினாப்ஸ் (ரெண்டு நியூரான் சந்திக்கற இடம்) தெரியும்னு வச்சுக்கறேன். ஆப் எதுவும் வேணாம், வெள்ளைத்தாள், சிவப்பு நீலம்னு ரெண்டு ஸ்கெட்ச் போதும், கையால வரைஞ்சாதான் மனசுல நிக்கும்.

ஸ்டெப் 1: இடது கால் சுண்டுவிரல் கட்டில் கால்ல இடிச்சுது. அங்கிருந்து சிவப்புக் கோடு, வழியில டார்சல் ரூட் கேங்லியான்ல (தண்டுவடத்துக்குப் பக்கத்துல இருக்கற நரம்பு முடிச்சு) ஒரு புள்ளி, முதல் நியூரானோட செல் உடல் அங்கதான் இருக்கு, அப்புறம் தண்டுவடத்தோட பின்கொம்பு (உள்ள இருக்கற சாம்பல் பகுதியோட பின்பக்கம்). இடிச்சதும் சுரீர்னு வர்றது ஏ-டெல்டாங்கற நரம்பு நார், செகண்டுக்கு 5-லிருந்து 30 மீட்டர் போகும். கொஞ்சம் கழிச்சு விண்ணு விண்ணுனு தெறிக்கறது சி நார், அது 2 மீட்டரைத் தாண்டாது.

ஸ்டெப் 2: பின்கொம்புல சினாப்ஸ். குளூட்டமேட், சப்ஸ்டன்ஸ் பி-ன்னு ரெண்டு ரசாயனம் வெளிய வந்து ரெண்டாவது நியூரானைக் கிளப்பிவிடும்.

ஸ்டெப் 3: இங்கதான் கவனம். ரெண்டாவது நியூரான் மேல போய்ட்டு மாறாது, அங்கேயே, ஒண்ணு ரெண்டு செக்மென்ட் ஏறுறதுக்குள்ள தண்டுவடத்துக்குள்ளயே வலது பக்கம் தாண்டிடும், அப்புறம்தான் ஸ்பைனோதலாமிக் டிராக்ட்டா, அதாவது தண்டுவடத்துலருந்து மூளைக்குப் போற நார்க்கட்டா, மேல ஏறும். இப்ப அதே காலோட அதிர்வு உணர்வை நீலத்துல போடுங்க, அது இடது பக்கமாவே ஏறி முகுளத்துலதான் மாறும். நான் குழப்பிக்கிட்டது இந்த ரெண்டையும்தான்.

வலது காலுக்கும் இதே மாதிரி ரெண்டு கோடு போட்டுட்டு, நெஞ்சு மட்டத்துல தண்டுவடத்தோட இடது பாதியை மட்டும் பென்சிலால வெட்டுங்க. எந்தக் கோடெல்லாம் அறுந்துச்சுன்னு பாருங்க: இடது கால்ல அதிர்வு தெரியாது, வலது கால்ல வலியும், அதே பாதையில வர்ற சூடும் தெரியாது. இதுதான் பிரவுன்-செக்கார்டு சிண்ட்ரோம். இதை வரைஞ்ச அன்னைக்குத்தான் எனக்கு முழுசா புரிஞ்சுது.

ஸ்டெப் 4: தலாமஸ்ல (மூளை நடுவுல உணர்வுச் சேதியை வாங்கி அனுப்பற இடம்) மூணாவது நியூரான், அங்கிருந்து கார்டெக்ஸ் (மூளையோட மேலடுக்கு). எங்க வலிக்குதுன்னு சொல்றது கார்டெக்ஸோட உணர்வுப் பகுதி. அய்யோன்னு மனசு துடிக்கறதுக்கு இன்சுலா, சிங்குலேட்னு மூளையில வேற இடங்களும் சேரணும், அதையும் ஒரு கிளையா போட்டுடுங்க, நிறைய பேர் விட்டுடறாங்க.

அப்டேட்: பல்வலிக்கும் இதே படமான்னு கமெண்ட்ல கேட்டிருந்தாங்க. இல்லைங்க. முகத்து வலி டிரைஜெமினல் நரம்பு வழியா மூளைத்தண்டுக்கு வந்து, முதல்ல கீழ இறங்கி, அங்க சினாப்ஸ் ஆகி, பக்கம் மாறி, திரும்ப தலாமஸுக்கு ஏறும். அதுக்குத் தனித் தாள் எடுத்துக்கோங்க, இதுலயே திணிச்சா கோடெல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு ஏறிடும்.