கொழுந்து குறையும் மாதங்களுக்கு முன்கூட்டியே செய்ய வேண்டியவை

எங்கள் ஊரில் கஷ்டம் தனித்தனியாக வராது. டவுனில் ஒருத்தருக்கு வேலை போனால் பக்கத்து வீட்டில் சம்பளம் வரும், கைமாற்றாவது கேட்கலாம். கோத்தகிரிப் பக்கம் எல்லாருக்கும் ஒரே பிழைப்பு, தேயிலை. பனிக்காலத்தில் கொழுந்து கருகினால் எல்லார் வீட்டிலும் ஒரே வாரத்தில் வரவு நிற்கும். மார்ச் வரைக்கும் அப்படித்தான். கோடை மழை விழுந்து கொழுந்து ஏராளமாக வரும்போதோ, வரத்து கூடிப்போச்சு என்று ஃபேக்டரியில் விலையைக் குறைப்பார்கள்.

அதனால்தான் வெறும் பணச்சீட்டு இங்கே நிற்காது. ஜனவரியில் அத்தனை பேருக்கும் சீட்டுப் பணம் வேண்டும், கட்டத்தான் ஆள் இருக்காது. நான் கொழுந்து பறிக்கிறவள், மகளிர் குழுவில் ஊக்குநர், அதாவது குழுவை நடத்துகிறவள். எங்கள் அப்பா 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தின்படி இலங்கைத் தோட்டத்திலிருந்து வந்தவர். பணம் இல்லாத மாதத்துக்குப் பணமாகவே சேர்க்காதே என்பார். அரிசியாக, காயாக, ஆள்வேலையாகச் சேர்த்துவிட்டு, மிச்சத்தைப் பணமாக வைக்கணும்.

முதலில் அரிசி. பிடி அரிசி நம் பாட்டிமார் காலத்துப் பழக்கம்தான்: உலையில் போடும் முன் ஒரு பிடி எடுத்துத் தனி டப்பாவில் போடுவது. ஒரு பிடி சுமார் 50 கிராம் வரும். ஒரு நாளைக்கு ஒரு பிடி என்றால் மாதம் ஒன்றரைக் கிலோ. 12 வீட்டு அரிசியையும் ஒரே டிரம்மில் சேர்த்தால் மாதம் 18 கிலோ. ஜூனில் ஆரம்பித்தால் டிசம்பர் முடிவில் 126 கிலோ கையில் இருக்கும். ரேஷனில் அரிசி சும்மா கிடைக்கிறதே, எதற்கு இந்தப் பாடு என்று கேட்பார்கள். ஆள் கூடின வீட்டில் அந்த அரிசி இருபதாம் தேதியைத் தாண்டாது, அதற்குத்தான்.

மலையில் அரிசி வைப்பது சமவெளியில் வைப்பது மாதிரி இல்லை. ஜூனிலிருந்து நவம்பர் வரைக்கும் ஈரம்தான். சிமெண்ட் தரையில் டிரம்மை வைத்தால் அடியில் பூஞ்சை பிடிக்கும். பலகை போட்டு, சுவரை ஒட்டாமல் வையுங்கள். வேப்பிலை இங்கே கிடைக்காது. மேட்டுப்பாளையம் போகிறவர்களிடம் சொல்லி, நிழலில் காய்ந்த இலையாக வாங்கிப் போடணும். கூட நாலு வரமிளகாய். மாதா மாதம் ரேஷன் வாங்கியதும் புது அரிசியை டிரம்மில் கொட்டி, அதே அளவு பழசை வீட்டுக்கு எடுத்துக்கொள்ளுங்கள். வண்டு வைக்க நேரம் இருக்காது. இதை விற்கவே கூடாது, ரேஷன் அரிசியை விற்றால் கேஸ் ஆகும்.

டிரம் ஒரு வீட்டில், சாவி இன்னொரு வீட்டில். கூட்டத்தில் எல்லார் முன்னாலும் ‘யாருக்கு அரிசி வேணும்’ என்று கேட்காதீர்கள். நிஜமாகத் தேவைப்படுகிறவள் வாய் திறக்க மாட்டாள். சாவி வைத்திருக்கிற அக்காவிடம் தனியாகச் சொன்னால் போதும் என்று வையுங்கள். மே மாதத்துக்குள் அரிசியாகவே திருப்பணும், வட்டி கிடையாது. அரிசியில் இன்னொரு வசதி: டாஸ்மாக்கில் அதை வாங்கிக்கொள்ள மாட்டார்கள். நான் சொல்வது எந்த வீட்டுக்கு என்று அந்தந்த வீட்டுக்குத் தெரியும்.

காய்க்கு மேரக்காய், அதாவது சௌசௌ. ஏப்ரல் மழையில், முளை விட்ட காயை முழுசாக மண்ணில் சாய்த்து வைத்துப் பந்தல் போட்டால் நாலைந்து மாதத்தில் காய்க்கும், சில வருஷம் விடாது. இளம் கொடி நுனியையும் பொரியல் செய்யலாம். பனி தாக்கினால் கருகிவிடும், அதனால் வீட்டுச் சுவர் ஓரமாக ஏற்றுங்கள். காட்டுமாடு வருகிற பாதையில் பந்தல் போட வேண்டாம், ஒரே ராத்திரியில் போய்விடும். ஒரு வீட்டில் மேரக்காய், இன்னொரு வீட்டில் அவரை, மற்றொன்றில் கீரை என்று பேசி வைத்துப் போட்டால் மாற்றிக்கொள்ள ஏதாவது இருக்கும். எல்லாரும் மேரக்காயே போட்டால் அதுவும் தேயிலை கதைதான்.

ஆள்வேலை பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. களை வெட்ட, பந்தல் போட, கூரை மாற்ற, ஒரு நாள் உனக்கு, ஒரு நாள் எனக்கு. நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். சொந்தக்காரர்களாக இருந்தால் கட்டாயம் எழுதுங்கள்.

இப்போது பணம். குழுவில் 12 முதல் 20 பேர் வரை இருக்கலாம். கூட்டம், சேமிப்பு, உள்கடன் (குழுச் சேமிப்பிலிருந்து உறுப்பினருக்கே கொடுக்கும் கடன்), வசூல், கணக்குப் புத்தகம் எல்லாம் ஆறு மாதம் ஒழுங்காக நடந்தால் வங்கிக் கடனுக்குப் போகலாம். வங்கிப் பணத்தை நான் விரும்புவதற்குக் காரணம், அது தேயிலையை நம்பி இருக்கிற பணம் இல்லை. உள்கடன் கொடுக்கும்போது ஒரு விதி: நவம்பருக்குப் பிறகு சேமிப்பில் மூன்றில் ஒரு பங்கைத் தொடக்கூடாது, ஆஸ்பத்திரிச் செலவுக்குத் தவிர.

இலை விலை எப்படிப் போகும் என்று ஓரளவுக்கு நாமே கணக்குப் போடலாம். குன்னூர் தேயிலைத் தூள் ஏலம் வியாழன், வெள்ளி நடக்கும். விலை பேப்பரில் வரும். ஒரு கிலோ தூள் சராசரி 100 ரூபாய்க்குப் போனால் தேயிலை வாரியக் கணக்குப்படி விவசாயி பங்கு 65. ஒரு கிலோ தூளுக்கு நாலேகால், நாலரைக் கிலோ இலை வேண்டும். ஆக, கிலோ இலைக்கு 15 ரூபாய்க்குக் கிட்ட வரும். ஏலம் ரெண்டு மூன்று வாரம் தொடர்ந்து இறங்கினால் டிவி தவணை எடுக்கிற யோசனையைத் தள்ளிப்போடுங்கள்.

வாரத் தவணைக்குக் கடன் கொடுக்கிற மைக்ரோஃபைனான்ஸ் ஆட்கள் வாசலுக்கே வருவார்கள். வாங்கத்தான் வேண்டுமென்றால் இதைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள். ரிசர்வ் வங்கியின் 2022 விதிப்படி, வீட்டில் உள்ள எல்லாக் கடனுக்கும் சேர்த்துத் தவணை மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக்கூடாது. முன்கூட்டி அடைத்தால் அபராதம் இல்லை. காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் வசூலுக்குத் தொந்தரவு செய்யக்கூடாது. இதை ஒரு தாளில் எழுதிக் கதவுக்குப் பின்னால் ஒட்டியிருக்கிறோம். ஆள் வந்தால் சத்தம் போடாமல் தாளைக் காட்டினால் போதும். கந்துவட்டிக்குத் தனிச் சட்டமே 2003லிருந்து இருக்கிறது. ஆனாலும் வாங்கிவிட்டுப் போலீஸ் வரை போவதைவிட அந்தப் பக்கமே ஒதுங்காமல் இருப்பது மேல்.

இதைப் படிக்கும்போதே பிப்ரவரி வந்துவிட்டது, டிரம்மும் இல்லை, குழுவும் இல்லை என்றால் வரிசை வேறு. கடன்களை இரண்டாகப் பிரியுங்கள்: நிறுத்தினால் நகையோ வீடோ போகிறவை ஒரு பக்கம், காத்திருக்கக்கூடியவை ஒரு பக்கம். மகளிர் உரிமைத் தொகை வருகிற வீடு என்றால் அந்தப் பணம் முதல் பக்கத்துக்கு. தவணை தேதி கடக்கும் முன்பே கிளைக்குப் போய், மே வரை அவகாசம் கேட்டு எழுதிக் கொடுங்கள். நகலில் சீல் வாங்குங்கள். தனியாகப் போகாதீர்கள். பாஸ்புக்கோடு பக்கத்து வீட்டு அக்காவையும் கூட்டிக்கொண்டு போங்கள், அவர்களுக்கும் அதே கிளையில் ஒரு கடன் இருக்கும்.