ஃபுகாஸியை எங்கிருந்து கேட்க ஆரம்பிப்பது

ஃபுகாஸி என்று ஒரு அமெரிக்க பங்க் ராக் குழு இருப்பதாக யாரோ சொல்லக் கேட்டு, தேடி, முதலில் கண்ணில் பட்ட பாட்டை ஓட்டிவிட்டு, “வெறும் சத்தமாக இருக்கிறதே” என்று மூடி வைத்தவர்களுக்காகத்தான் இது. நானும் அப்படி மூடியவன்தான். தப்பு நம்முடையது இல்லை, நுழைந்த வாசல் சரியில்லை, அவ்வளவுதான்.

முதலில் ‘13 சாங்ஸ்’ எடுங்கள். 1989இல் வந்தது. தனி ஆல்பமாகப் பதிவு செய்தது அல்ல, அதற்கு முன் வந்த இரண்டு ஈபிகளை (ஆல்பத்தைவிடச் சின்ன இசைத்தட்டுகள்), ஏழு பாட்டும் ஆறு பாட்டும், ஒன்றாகச் சேர்த்தது. முதல் பாட்டு ‘வெயிட்டிங் ரூம்’. ஜோ லாலியின் பேஸ் கிட்டார் மட்டும் தனியாக ஆரம்பிக்கும், அப்புறம் டிரம்ஸும் கிட்டாரும் வந்து ஒட்டிக்கொள்ளும், இருபது நொடி தாண்டியதும் எல்லாம் சட்டென்று நின்றுவிடும். சில நொடிக்குச் சுத்த அமைதி. முதல் தடவை கேட்டபோது ஹெட்போன் ஒயர்தான் போய்விட்டது என்று நினைத்து ஆட்டிப் பார்த்தேன். அதற்குள் மறுபடி அதே பேஸ்.

அந்த இடைவெளியைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஃபுகாஸியின் பதினைந்து வருஷத்தையும் அதைக் கயிறாகப் பிடித்துக்கொண்டு கடந்துவிடலாம். எங்கே வாசிக்கிறார்கள் என்பதைவிட எங்கே வாசிக்காமல் விடுகிறார்கள் என்று கவனித்தால், ஆல்பத்துக்கு ஆல்பம் அது மாறிக்கொண்டே வருவது தானாகக் காதில் விழும்.

இந்த ஆரம்பகாலப் பாட்டுகளில் இவ்வளவு இடம் இருப்பதற்கு எளிய காரணம் ஒன்று உண்டு. அப்போது குழுவில் கிட்டார் ஒன்றே ஒன்று, இயன் மெக்காயுடையது. கய் பிச்சியோட்டோ பாடிக்கொண்டும் மேடையில் உருண்டுகொண்டும் மட்டும்தான் இருந்தார். மெக்காய் முன்பு மைனர் த்ரெட் என்ற ஹார்ட்கோர் பங்க் (பங்கிலேயே இன்னும் வேகமான, மூர்க்கமான வகை) குழுவில் கத்தியவர், பிச்சியோட்டோவும் டிரம்ஸ் வாசிக்கும் பிரெண்டன் கான்டியும் ரைட்ஸ் ஆஃப் ஸ்பிரிங் குழுவிலிருந்து வந்தவர்கள். எல்லாரும் வாஷிங்டன் டி.சி. ஆட்கள். அந்த வேகத்தை அப்படியே தொடராமல், ஜமைக்காவின் ரெகே, டப் இசையிலிருந்து பேஸை முன்னால் தள்ளுகிற பழக்கத்தை எடுத்துக்கொண்டார்கள். அதனால் முதல் வாரம் முழுக்க பேஸை மட்டும் பின்தொடருங்கள். கிட்டார் எங்கேயும் போய்விடாது.

அடுத்தது ‘ரிப்பீட்டர்’, 1990. இங்கேதான் பிச்சியோட்டோவும் கிட்டாரோடு வருகிறார். ஒருவர் தாளம், இன்னொருவர் மெட்டு என்று பங்கு பிரிக்காமல், இரண்டு கிட்டாரும் ஒன்றை ஒன்று வெட்டிக்கொள்வதைக் கேட்கலாம். இரண்டும் ஒரே நேரத்தில் புரியவில்லை என்றால் ஹெட்போனில் ஒரு பக்கத்தைக் கழற்றிவிட்டுக் கேளுங்கள், எனக்கு அப்படித்தான் பிடிபட்டது. கடைசிப் பாட்டு ‘ஷட் தி டோர்’ஐ மட்டும் ராத்திரிக்கு வைத்துக்கொள்ளுங்கள். கிட்டத்தட்ட கிசுகிசுப்பில் ஆரம்பிக்கிற பாட்டு அது.

1991இல் வந்த ‘ஸ்டெடி டயட் ஆஃப் நத்திங்’ஐ முதல் சுற்றில் விட்டுவிடலாம் என்பது என் அபிப்பிராயம், சண்டைக்கு வராதீர்கள். குழுவே தயாரித்த ஆல்பம், ஒலி வறண்டு கிடக்கும். மற்றதெல்லாம் பிடித்துப்போன பிறகு திரும்பி வாருங்கள், ‘ரெக்லமேஷன்’ காத்துக்கொண்டிருக்கும்.

1993இன் ‘இன் ஆன் தி கில் டேக்கர்’ நேர்மாறு. இடைவெளியே இல்லை, சுவர் மாதிரி எழும்பி நிற்கிறது. சிகாகோவில் ஸ்டீவ் அல்பினி என்ற ஒலிப்பதிவாளரிடம் போய்ப் பதிவு செய்து பார்த்து, திருப்தி இல்லாமல் தூக்கிப் போட்டுவிட்டு, ஊருக்குத் திரும்பி இன்னர் இயர் ஸ்டுடியோவில் தயாரிப்பாளர் டெட் நைஸ்லியோடு முதலிலிருந்து மறுபடி பதிவு செய்தார்கள். நிர்வானா என்ற ராக் குழு திடீரென்று பெரும் புகழோடு வெடித்த பிறகு பெரிய இசைக் கம்பெனிகள் இப்படிப்பட்ட குழுக்களைத் தேடித் தேடிப் பிடித்துக்கொண்டிருந்த சமயம் அது. இவர்களையும் கேட்டார்கள், இவர்கள் போகவில்லை.

போகவில்லை என்பதை வீம்பு என்று எடுத்துக்கொண்டால் பாட்டு புரியாது. கணக்கு வேறு. மெக்காயும் ஜெஃப் நெல்சனும் 1980இல் தொடங்கிய டிஸ்கார்ட் ரெக்கார்ட்ஸ் என்ற இசைத்தட்டுக் கம்பெனி கையிலேயே இருந்தது. மேனேஜர் கிடையாது, கச்சேரி பேசி முடிப்பதும் அவர்களே, வேனில் போய் தெரிந்தவர் வீட்டில் படுத்துக்கொள்வது. செலவு குறைவு என்பதால் டிக்கெட்டை 5 டாலருக்கு வைக்க முடிந்தது, சின்னப் பசங்களும் வரட்டும் என்று வயது வரம்பில்லாத இடமாகக் கேட்டு வாங்க முடிந்தது. டிஷர்ட் விற்கவில்லை. கூட்டத்தில் யாராவது மற்றவரை இடித்து மிதித்துத் தொல்லை கொடுத்தால் பாட்டை நிறுத்தி, 5 டாலரைத் திருப்பிக் கொடுத்து வெளியே அனுப்பியதும் உண்டு. இப்படி யாருக்கும் கடன்படாமல் இருந்ததால்தான், போன ஆல்பம் மாதிரி இன்னொன்று போடு என்று கேட்க ஆள் இல்லாமல், அடுத்து வந்ததை அவர்களால் செய்ய முடிந்தது.

அடுத்து வந்தது ‘ரெட் மெடிசின்’, 1995. இதில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். முதல் பாட்டே ஏதோ பழைய கேசட்டில் பதிந்த மாதிரி கரகரவென்று ஆரம்பித்து, பொறுமை போகிற நேரத்தில்தான் பாட்டாக மாறும். நடுவில் ‘வெர்ஷன்’ என்று வார்த்தையே இல்லாத ஒன்று, அதில் கிளாரினெட் கேட்கும். பங்க் குழுவுக்கு கிளாரினெட் எதற்கு என்று முதலில் எனக்கும் கடுப்புதான். ஆனால் அந்தப் பழைய இடைவெளி இங்கே திரும்பி வருகிறது, இந்தத் தடவை அதற்குள் ஸ்டுடியோவின் இரைச்சலும் எதிரொலியும் குடியிருக்கின்றன. பாதியில் நிறுத்தாமல் ஒரே மூச்சில் இரண்டு தடவை கேளுங்கள். மூன்றாவது தடவை நானே சொல்ல வேண்டியிருக்காது.

1998இன் ‘எண்ட் ஹிட்ஸ்’ஐத் தாண்டி (நல்ல ஆல்பம், ஆனால் வழிப்போக்கில் பார்த்துக்கொள்ளலாம்) 2001இன் ‘தி ஆர்க்யுமென்ட்’டுக்கு வந்துவிடுங்கள். ‘கேஷவுட்’ பாட்டு, வீட்டு மதிப்பு ஏறியதும் குடியிருந்தவர்களைத் தெருவுக்கு அனுப்புகிற ஊரைப் பற்றியது. மெக்காய் வெகுநேரம் குரலை உயர்த்தாமலேயே பாடுகிறார். 1988இல் பதிவான ‘13 சாங்ஸ்’ பாட்டுகளில் இதே ஆள் எப்படிக் கத்தினார் என்று ஒரு தடவை திரும்பிப் போய்க் கேட்டுவிட்டு வாருங்கள், கோபம் குறையவே இல்லை என்பது தெரியும். செல்லோ இருக்கிறது, இரண்டாவது டிரம்ஸ்காரராக ஜெர்ரி புஷர் இருக்கிறார், இவ்வளவு பேர் இருந்தும் பாட்டுக்குள் காற்று புகுந்து வருகிறது. அதற்கப்புறம் புது ஸ்டுடியோ ஆல்பம் இல்லை. 2002 நவம்பரில் லண்டனில் வாசித்ததுதான் கடைசிக் கச்சேரி. பிரிந்துவிட்டோம் என்றும் சொல்லவில்லை.

இவ்வளவும் ஆன பிறகுதான் நேரடிப் பதிவுகளுக்குப் போக வேண்டும், முன்னாடியே போனால் திணறிவிடுவீர்கள். ஆயிரத்துக்கும் மேல் கச்சேரி செய்தவர்கள், அதில் 800க்கும் அதிகமானதைப் பதிவு செய்து வைத்திருந்து, 2011 முதல் இணையத்தில் விற்கிறார்கள். ஒரு கச்சேரிக்கு அவர்கள் சொல்கிற விலை அதே 5 டாலர்தான், கூடக் குறையக் கொடுக்கவும் வழி உண்டு. என்ன வாசிப்பது என்று முன்கூட்டிப் பட்டியல் போட்டுக்கொள்ளாத குழு என்பதால் ஒரு ராத்திரி மாதிரி இன்னொன்று இருக்காது. ஆரம்பகாலத்தில் ஒன்று, கடைசி வருஷத்தில் ஒன்று என்று இரண்டை எடுங்கள், இரண்டிலும் ‘வெயிட்டிங் ரூம்’ இருக்கிறதா என்று பார்த்து எடுங்கள். அந்தச் சில நொடி அமைதி வரும்போது ஒலியைக் கொஞ்சம் கூட்டி வையுங்கள், அங்கே கத்துவது கூட்டம்.