புகை விடும் டர்போ லாரியை வாங்கலாமா? என்ஜின் வேலை பார்த்த பழைய வண்டியைச் சோதிக்கும் முறை

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். அந்த 61 நாளும் பாம்பனிலும் மண்டபத்திலும் விசைப்படகுகள் சும்மா கிடக்கும், மீன் ஏற்றும் லாரிகளும் சும்மா கிடக்கும். என்ஜினைப் பிரித்துத் தேய்ந்த பாகங்களை மாற்றும் 'என்ஜின் வேலை' பார்க்க நினைப்பவர்களுக்கும் வண்டியை விற்க நினைப்பவர்களுக்கும் அதுதான் தோதான சமயம். மே மாதத்தில் நம் பக்கம் பழைய வண்டி பார்க்கப் போனால், "இப்பத்தான் ஃபுல் என்ஜின் வேலை பார்த்தது" என்பார்கள். சாவியைத் திருப்பினால் சைலன்சரில் நீலப் புகை வரும். கேட்டால், "ரிங் இன்னும் செட் ஆகலண்ணே, நாலு லோடு அடிச்சா நின்னுடும்" என்று பதில் வரும்.

சில வண்டிகளில் அது உண்மையும்கூட. அதனால்தான் புதிதாக வாங்குபவர்கள் ஏமாறுகிறார்கள். என் மச்சான் அப்படி நம்பி ஒரு டர்போ (சைலன்சருக்குப் போகும் புகையின் வேகத்தால் சுற்றி, என்ஜினுக்குள் காற்றைத் திணிக்கும் கருவி) வைத்த மினி லாரி வாங்கினார். இரண்டு முறை டர்போ மாற்றியும் புகை நிற்கவில்லை. கடைசியில் என்ஜினைப் பிரித்துப் பார்த்தபோது கோளாறு டர்போவில் இல்லவே இல்லை. அவர் பட்டது உங்களுக்கு வர வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில், ரிங் செட் ஆவது என்றால் என்ன?

என்ஜின் வேலை பார்க்கும்போது சிலிண்டர் சுவரில் ஹோனிங் போட்டு மெல்லிய குறுக்குக் கோடுகளை ஏற்படுத்துவார்கள். பிஸ்டனைச் சுற்றி மாட்டும் புது ரிங் அந்தக் கோடுகளில் தேய்ந்து சுவரோடு படிய வேண்டும். ரிங்கைச் சுவரில் அழுத்துவது உள்ளே எரியும் வாயுவின் அழுத்தம். லோடு இழுத்தால் அழுத்தம் கூடும், ரிங் சீக்கிரம் படியும். லோடு இல்லாமல் ஐடிலிங்கிலேயே ஓடினால் ரிங் படியாது. சுவரில் தங்கும் ஆயில் கருகி, கண்ணாடி போல வழவழப்பான பூச்சாக ஏறிவிடும். அதன் பிறகு எத்தனை லோடு அடித்தாலும் பெரும்பாலும் பயனில்லை, திரும்பப் பிரித்து ஹோனிங் போட வேண்டியதுதான்.

தடைக்காலத்தில் வேலை முடிந்த வண்டியை வாசலில் நிறுத்தி, தினமும் அரை மணி நேரம் ஸ்டார்ட் செய்து வைப்பவர்கள் இருக்கிறார்கள். வண்டிக்கு நல்லது என்று நினைத்துத்தான் செய்கிறார்கள். ஆனால் புது ரிங்குக்கு அதைவிடக் கெடுதல் வேறில்லை. ஆகவே விற்பவரிடம் முதல் கேள்வி இதுவாக இருக்கட்டும்: வேலை முடிந்த பிறகு லோடோடு எத்தனை கிலோமீட்டர் ஓடியது?

படி 1: விடிந்ததும் போங்கள்

"நான் வரும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம்" என்று முந்தின நாளே சொல்லிவிடுங்கள். போனதும் என்ஜினைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் எதையோ மறைக்கிறார்கள், இன்னொரு நாள் வாருங்கள். காலையில் போகச் சொல்வதற்கு இன்னொரு காரணம் காற்று. கச்சான் காற்று எழும்பிவிட்டால் புகையை வந்த வேகத்தில் அடித்துக்கொண்டு போய்விடும். நிறமும் தெரியாது, அளவும் தெரியாது.

என்ஜின் குளிர்ந்திருக்கும்போதே ரேடியேட்டர் மூடியைத் திறந்து பாருங்கள். நம் கடலோரத்தில் பல ஊர்களில் போர் தண்ணீர் உப்பு. கூலன்டுக்குப் பதில் அதையே ஊற்றி ஓட்டியிருந்தால் தண்ணீர் துரு நிறத்தில் இருக்கும், வாய் ஓரத்தில் வெள்ளையாக உப்புப் படிந்திருக்கும். உள்ளே வழி அடைத்து, என்ஜின் சூடாகி, என்ஜின் ஹெட்டுக்கு அடியில் கசிவைத் தடுக்கும் ஹெட் கேஸ்கட் போவதற்கு அதுவே காரணமாகும். தண்ணீர் மேல் ஆயில் மிதந்தாலும், ஆயில் அளவு பார்க்கும் டிப் ஸ்டிக்கில் ஆயில் மோர் போல வெளுத்திருந்தாலும் அந்த வண்டி வேண்டாம். டிப் ஸ்டிக்கில் அளவு மேல் கோட்டைத் தாண்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். ஆயில் அதிகமாக ஊற்றியிருந்தாலும் நீலப் புகை வரும்.

படி 2: புகையின் நிறம்

கருப்பு என்றால் டீசல் அதிகம் அல்லது காற்று குறைவு. ஏர் ஃபில்டர் அடைப்பு, டர்போ தரும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் ஹோஸ் கிழிசல், டீசலைத் தெளிக்கும் நாசில், பம்ப் என்று தேட வேண்டும். நீலப் புகைக்கு பயப்படுகிற அளவுக்கு இதற்குப் பயப்பட வேண்டாம்.

வெள்ளை என்றால் இரண்டு வகை. ஸ்டார்ட் செய்த சற்று நேரத்தில் நின்று, கண்ணைக் கரித்தால் அது எரியாத டீசல். என்ஜின் சூடான பிறகும் நிற்காமல், லேசான இனிப்பு வாடையோடு வந்தால் கூலன்ட் உள்ளே இறங்குகிறது.

நீலம் என்றால் ஆயில் எரிகிறது. அது எந்த வழியாக வருகிறது என்பதைக் கண்டுபிடிப்பதுதான் அடுத்த மூன்று படிகள்.

படி 3: பேக் கம்ப்ரஷன்

இதை மட்டும் தவறவிடாதீர்கள். என்ஜின் ஐடிலிங்கில் இருக்கும்போது ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி, அந்த வாயின் மேலேயே தலைகீழாக வையுங்கள். சூடான ஆயில் தெறிக்கலாம், முகத்தைத் தள்ளியே வைத்துக்கொள்ளுங்கள். மூடி லேசாக ஆடினால் பரவாயில்லை. தூக்கி எறிந்தாலோ, வாயிலிருந்து புகை குபுகுபுவென்று வந்தாலோ, எரியும் வாயு ரிங்கைத் தாண்டிக் கீழே, ஆயில் தேங்கும் சம்ப்புக்குப் போகிறது. இதைத்தான் பேக் கம்ப்ரஷன் என்பார்கள். சில என்ஜின்களில் மூடி வால்வு அசைவாலேயே குதிக்கும். அதனால் சம்ப்பில் சேரும் வாயு வெளியேறும் பிரீதர் பைப்பையும் பாருங்கள். அதில் விட்டு விட்டுப் புகை அடித்தால் சந்தேகமே வேண்டாம்.

மச்சான் வண்டியில் நடந்தது இதுதான். டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேலும் சுற்றக்கூடியது. அதற்கு மேலிருந்து பிரஷரோடு ஆயில் வரும். வந்த ஆயில் திரும்பிப் போவது மட்டும் பிரஷரில் அல்ல, தானாகக் கீழே வடிந்து சம்ப்பில் விழ வேண்டும். சம்ப்பில் பேக் கம்ப்ரஷன் நிறைந்திருந்தால் அது வடிய முடியாது. தேங்கி, சீலைத் தாண்டி, எரிய ஆரம்பிக்கும். பார்ப்பவர்களுக்கு டர்போ ஆயில் தள்ளுவது போலத் தெரியும். டர்போவை மாற்றுவார்கள், புது டர்போவும் தள்ளும்.

படி 4: டர்போ

என்ஜினை நிறுத்தி, ஆறிய பிறகு ஏர் ஃபில்டரிலிருந்து டர்போவுக்கு வரும் ஹோஸைக் கழற்றுங்கள். உள்ளே தெரியும் சக்கரத்தை விரலால் சுற்றிப் பாருங்கள். மேலும் கீழுமாக இம்மியளவு ஆட்டம் இருக்கும், அது இயல்பு. முன்னும் பின்னுமாக ஆட்டம் கைக்குத் தெரிந்தாலோ, சக்கரம் வெளிக்கூட்டில் உரசியிருந்தாலோ டர்போ முடிந்தது. பிறகு இன்டர்கூலர் பைப்பைக் கழற்றிப் பாருங்கள். எண்ணெய்ப் பசை இருந்தால் பரவாயில்லை, ஆயில் தேங்கி நின்றால் கோளாறு.

டர்போ மிக அதிகமாக ஆயில் தள்ளினால் டீசல் என்ஜின் அந்த ஆயிலையே எரித்து, சாவியை எடுத்தாலும் நிற்காமல் ஏறி இரையும். அப்படி ஆனால் டாப் கியரில் போட்டு, பிரேக்கை அழுத்தி மிதித்தபடி கிளட்சை விட்டு அணையுங்கள். காற்று வழியைப் பலகையால் அடைப்பதும் உண்டு. கையாலோ துணியாலோ அடைக்கவே கூடாது.

படி 5: லோடோடு ஓட்டுங்கள்

வெறும் வண்டியை ஓட்டிப் பார்ப்பதால் ஒன்றும் தெரியாது. ஐஸோ உப்போ ஏற்றி ஓட்டச் சொல்லுங்கள். நம் ராமநாதபுரம் மாவட்டம் தட்டையான பூமி, மேடு தேடித்தான் போக வேண்டும். 1988-இல் திறந்த பாம்பன் சாலைப் பாலம் 2.3 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். அதன் நடுப்பகுதி கப்பல் வழிக்காக உயர்ந்திருக்கும், அந்த ஏற்றம் போதும். பின்னால் உங்கள் ஆள் ஒருவர் பைக்கில் புகையைப் பார்த்துக்கொண்டே வரட்டும். ஏறும்போது நீலம் கூடினால் ரிங். இறங்கும்போது ஆக்சிலரேட்டரை விட்டு, கீழே வந்து மறுபடி மிதித்ததும் ஒரே வீச்சில் நீலம் வந்து நின்றால், வால்வு வழியாக ஆயில் இறங்காமல் தடுக்கும் வால்வு சீல் அல்லது கைடு. அதைச் சரிசெய்ய என்ஜினை முழுதாகப் பிரிக்க வேண்டியதில்லை.

திரும்பி வந்ததும் டிப் ஸ்டிக்கையும் பேக் கம்ப்ரஷனையும் இன்னொரு முறை பாருங்கள். ரிங் நிஜமாகவே படிந்துகொண்டிருக்கிற வண்டியில் ஆயில் செலவும் பேக் கம்ப்ரஷனும் லோடு ஓட ஓடக் குறையும். ஆகவே அவசரப்படாமல், விற்பவர் லோடு அடித்த பத்து நாள் கழித்து இன்னொரு முறை போய்ச் சோதியுங்கள். இரண்டாம் தடவையும் அதே அளவு என்றால் "செட் ஆகல" என்ற பேச்சுக்கு இடமில்லை.

படி 6: பில், துரு, காகிதம்

என்ஜின் பாகங்களைக் கடைந்து கொடுத்த லேத் பட்டறையின் பில்லைக் கேளுங்கள். சிலிண்டர் போர் (துளை) எவ்வளவு ஓவர்சைஸ், லைனர் மாற்றினார்களா, கிராங்க் கிரைண்டிங் செய்தார்களா, நாசில் சர்வீஸ் ஆனதா என்பதெல்லாம் அதில் இருக்கும். பில் இல்லாத ஃபுல் என்ஜின் வேலையை நான் பாதி என்ஜின் வேலையாகத்தான் கணக்கில் எடுப்பேன்.

மீன் லாரியென்றால் கீழே படுத்துப் பாருங்கள். ஐஸ் கரைந்த உப்புத் தண்ணீர் சேஸிஸ், பிரேக் பைப், ஸ்பிரிங் பட்டை எல்லாவற்றையும் தின்றிருக்கும். புதிதாகக் கருப்பு பெயின்ட் அடித்திருந்தால் சின்னச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள்.

ஆர்.சி.யில் உள்ள என்ஜின் நம்பரும் சேஸிஸ் நம்பரும் வண்டியில் உள்ளதும் ஒன்றா? எஃப்.சி. (வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்று) எதுவரை? எட்டு வருடம் தாண்டிய வண்டிக்கு வருடா வருடம் எஃப்.சி. எடுக்க வேண்டும், இந்தப் புகையோடு அது நடக்காது. ஃபைனான்ஸ் இருந்தால் கடன் தீர்ந்ததைக் காட்டும் 35-ஆம் எண் படிவமும் தடையில்லாச் சான்றும், பெயர் மாற்ற 29, 30 படிவங்களும் கையில் வந்த பிறகே முழுப் பணம்.

விலை பேசும்போது

பேக் கம்ப்ரஷன் உள்ள வண்டியை "பிரிக்க வேண்டிய வண்டி" என்று வைத்தே பேசுங்கள். மதுரையிலோ ராமநாதபுரத்திலோ ஒரு லேத்தில் ஃபுல் என்ஜின் வேலைக்கு எவ்வளவு ஆகும் என்று கேட்டு, அதோடு டர்போ விலையையும் சேர்த்து, அப்படியே கழியுங்கள். ஒத்துக்கொள்ளாவிட்டால் விட்டுவிடுங்கள். மச்சான் அன்றைக்குக் குறைத்து வாங்கியதாக நினைத்த தொகை முதல் டர்போவிலேயே போய்விட்டது.

வாங்கிய பிறகு

முதல் 500 கிலோமீட்டரில் ஆயிலையும் ஆயில் ஃபில்டரையும் மாற்றுங்கள். நிறுத்தி வைத்து ஐடிலிங்கில் ஓட்டாமல், அளவான லோடோடு வேகத்தை ஏற்றி இறக்கி ஓட்டுங்கள். இன்டர்கூலரைக் கழற்றிக் கழுவுங்கள், உள்ளே தேங்கிய பழைய ஆயில் எரிந்து தீரும்வரை சரியான என்ஜினும் கொஞ்சம் புகைக்கும். லோடு இறக்க வந்து நின்றதும் சட்டென்று சாவியை எடுக்காமல் இரண்டு மூன்று நிமிடம் ஐடிலிங்கில் விடுங்கள். சூடான டர்போவில் நின்றுபோன ஆயில் கரியாகி, அது வடியும் பைப்பையே அடைத்துவிடும்.