வீட்டு அலாரத் தொடர்பாடல் கருவி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

யாழ்ப்பாணத்தில் உரிமையாளர் வெளிநாட்டில் இருக்க, ஆளில்லாமல் கிடக்கும் வீடுகளுக்கு அலாரம் பொருத்தும் வேலைக்கு அண்மையில் வந்த இளைஞர்களைக் கவனிக்கும்போது, தொடக்கத்தில் நாங்கள் செய்த பிழைகளே திரும்ப நடப்பதைக் காண்கிறேன். வெயில் படும் சுவரில் சென்சரைப் பொருத்துவது போன்றவற்றை எவரும் விரைவில் தாமாகவே திருத்திக்கொள்வர் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

சந்தாவைப் பற்றிக் கேளாமல் கருவியை வாங்குவது

முன்னைய பனல்கள், அதாவது அலாரத்தின் கட்டுப்பாட்டுப் பெட்டிகள், தொலைபேசிக் கம்பி வழியாகத் தாமே அழைப்பெடுத்து, கண்காணிப்பு நிலையத்துக்குத் தொனிகளாகச் செய்தி அனுப்பின. இன்று பனலின் செய்தியை வெளியே கொண்டுசெல்லும் இணையத் தொடர்பாடல் கருவிகள் பல, அதை முதலில் தயாரிப்பாளரின் சேவையகத்துக்கு அனுப்புகின்றன. அங்கிருந்தே அது உரிமையாளரின் செயலிக்குப் போகிறது. அந்தச் சேவையகத்தில் உயிருள்ள கணக்கு இல்லையென்றால் கருவியால் பயனில்லை. பெட்டியில் ‘செயலி இலவசம்’ என்று அச்சிட்டிருப்பார்கள். தரவிறக்குவதற்குப் பணமில்லை என்பதற்கு மேல் அதற்குப் பொருள் கிடையாது. வட அமெரிக்காவில் விற்கப்படும் சில கருவிகளில் கணக்கைத் திறக்கக்கூட உரிமையாளரால் முடியாது. பதிவு பெற்ற விற்பனையாளர் ஒருவர் மாதக் கட்டணத்துடன் திறந்து கொடுக்க வேண்டும்.

நல்லூர்த் திருவிழாவுக்கு ரொறன்ரோவிலிருந்து வந்த ஒருவர் அத்தகைய கருவியொன்றைக் கொண்டுவந்து கோண்டாவிலில் உள்ள தம் வீட்டுக்குப் பொருத்தச் சொன்னார். வேலைக்குப் போன இளைஞர் வயர் இழுத்து முடித்து, பச்சை விளக்கும் எரிந்த பின்னர், செயலி விற்பனையாளரைத் தொடர்புகொள்ளும்படி சொல்லி நின்றுவிட்டது. “தம்பி, நெற் வேலை செய்யுதுதானே, பிறகென்ன?” என்று அவர் கேட்க, “நெற்றிலை பிழையில்லை ஐயா, கணக்குத்தான் இல்லை” என்று சொல்வதைத் தவிர அந்தப் பிள்ளைக்கு வழியிருக்கவில்லை. கூலியும் பேச்சுக்குள்ளாயிற்று.

இதைவிட எனக்கு எரிச்சலூட்டுவது ‘முதல் ஆண்டு இலவசம்’ என்ற வகை. ஆண்டு முடிந்ததும் செயலிக்குச் செய்தி வருவது நின்றுவிடும். ஆனால் சைரன் ஒலிக்கும், கீபாட்டிலும் எந்தக் குறையும் தெரியாது. தொலைவில் இருப்பவர் செய்தி வராததை வீடு பத்திரமாக இருப்பதற்கான அடையாளமாக எடுத்துக்கொள்வார். கொக்குவிலில் ஒரு வீட்டில் இரவில் சைரன் ஒலித்து அயலவர் எழுந்து வந்திருந்தும், லண்டனில் இருந்த உரிமையாளருக்கு மறுநாள் அவர்கள் அழைத்துச் சொன்னபோதே விடயம் தெரிந்தது. சந்தா முடிந்ததை அறிவித்த மின்னஞ்சல், கருவியைப் பொருத்தியவரின் முகவரிக்குப் போயிருந்தது. அவர் தொழிலையே விட்டிருந்தார்.

சந்தா பெரும்பாலும் டொலரில் அறவிடப்படுவதால், ரூபாவில் சொல்லும் கணக்கு நிலைக்காது. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபாவைத் தொட்டது. ‘வாழ்நாள் சந்தா’ என்ற சொல்லையும் நம்ப வேண்டாம்: அவ்வாறு விற்கப்பட்ட ரெவோல்வ் என்னும் வீட்டுக் கட்டுப்பாட்டுக் கருவியின் சேவையகம், நெஸ்ட் நிறுவனம் அதை வாங்கிய பின், 2016 மே மாதத்தில் நிறுத்தப்பட்டது, கருவிகள் செயலிழந்தன.

ஆகவே கணக்கு யாருடைய பெயரில் இருக்கும், சந்தா முடிந்த மறுநாள் எவை நிற்கும், வேறு சேவையகத்தின் முகவரியைப் பதிய முடியுமா என்று வாங்குமுன் கேட்டு, பதிலை எழுத்தில் பெறுங்கள். சேவையகத்தை நம்பாமல், தன் சிம் அட்டையிலிருந்தே குறுஞ்செய்தியும் அழைப்பும் அனுப்பும் கருவி நம் ஊருக்குப் பொருத்தமானது என்பது என் கருத்து.

மூன்று கட்டணங்களை ஒன்றாக நினைப்பது

சிம்மின் டேட்டாவுக்கான பணம், சேவையகச் சந்தா, ஆள் இருந்து கவனிக்கும் கண்காணிப்புக் கட்டணம் ஆகியவை வெவ்வேறானவை. மூன்றாவதைக் கட்டினாலும் ரொறன்ரோ நிலையம் கோண்டாவிலுக்குப் பொலிஸை அனுப்பாது. 119 ஐ இங்குள்ள ஒருவரே அழைக்க வேண்டும்.

வட அமெரிக்க மாதிரியை அப்படியே பொருத்துவது

அதன் மின்மாற்றி 120 வோல்ட்டுக்கானது, நம் மின்சாரம் 230. இங்குள்ள 4ஜி வலையமைப்புகளின் 1800 மெகாஹேர்ட்ஸ் அலைவரிசையை அது பிடிக்குமா என்பதையும் பாருங்கள்.

றவுட்டரை மறப்பது

பனலுக்குப் பற்றரி உண்டு. மின்சாரம் நின்றால் இணையமும் நிற்காதிருக்க றவுட்டருக்கும் ஒன்று வேண்டும்.

சிம்மை மறப்பது

நீண்ட காலம் ரீலோட் செய்யப்படாத முற்கொடுப்பனவு சிம் துண்டிக்கப்படும். அதை நிரப்பும் பொறுப்பு யாருடையது என்பதைச் சாவி கைமாறும்போதே எழுதிக்கொள்ளுங்கள்.