முதுகு மேல் பல்டி: தூக்க நினைப்பதுதான் முதல் தவறு

நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் இருந்த சவாய் நடன அரங்கில், 1935-இல் ஒரு போட்டி நடந்தது. ஃப்ராங்கி மேனிங் என்ற நடனக்காரரும் அவருடைய ஜோடி ஃப்ரீடா வாஷிங்டனும் முதுகோடு முதுகு ஒட்டி நின்று முழங்கைகளைக் கோத்துக்கொண்டார்கள். மேனிங் முன்னால் குனிய, ஃப்ரீடா அவர் முதுகின் மேல் பின்புறமாக உருண்டு, அவருக்கு எதிரே வந்து காலூன்றினார். ஸ்விங் என்ற ஜாஸ் இசைக்கு ஜோடியாக ஆடும் லிண்டி ஹாப் நடனத்தில் ஆள் அந்தரத்தில் சுழல்வது அங்கிருந்துதான் தொடங்கியது என்பார்கள்.

அந்த யோசனை வந்த விதத்தைக் கவனித்தால் பாதிப் பாடம் அதிலேயே இருக்கிறது. அதே அரங்கில் ஷார்ட்டி ஸ்னோடன் என்ற குள்ளமான நடனக்காரர் இருந்தார். அவருடைய உயரமான ஜோடி பிக் பீ, ஆட்டத்தின் முடிவில் முழங்கைகளைக் கோத்து அவரை முதுகில் ஏற்றிச் சுமந்துகொண்டு வெளியேறுவார். சுமப்பதோடு நிறுத்தாமல் அப்படியே மறுபக்கம் உருட்டிவிட்டால் என்ன என்று மேனிங் யோசித்தார். மெத்தை போட்டுப் பழகிய பிறகுதான் இருவரும் அதை மேடையேற்றினார்கள்.

ஆக, இது உருட்டுவது, தூக்குவது அல்ல. புதிதாகக் கற்பவர்கள் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த ஒன்றைப் புரிந்துகொள்ளாததால் வருபவை. கீழே நிற்பவரை பேஸ் என்றும் மேலே சுழல்பவரை ஃப்ளையர் என்றும் சொல்வார்கள். பேஸ் பலசாலியாக இருந்தால் போதும் என்று நினைத்துக்கொண்டு, ஃப்ளையர் மூட்டை மாதிரி தொங்குவார். பேஸ் தோளால் இழுத்து, இடுப்பை முறுக்கி, எப்படியோ அவரை ஏற்றிவிடுவார். நாலு தடவை இப்படிச் செய்தால் கீழ்முதுகு பிடித்துக்கொள்ளும். ஏறுவதற்கான விசை ஃப்ளையர் குதிப்பதிலிருந்து வர வேண்டும். பேஸ் தருவது, உருள்வதற்கு ஒரு மேடை.

அந்த மேடை எந்த உயரத்தில் இருக்கிறது என்பது முக்கியம். பேஸின் இடுப்பு ஃப்ளையரின் இடுப்புக்குக் கீழே போக வேண்டும்; ஃப்ளையர் அதன் மேல் உட்காருவது போல இருக்க வேண்டும். இரண்டும் ஒரே உயரத்தில் இருந்தால் ஃப்ளையரின் முதுகு நடுவில் வளைந்து, பாதியில் மாட்டிக்கொள்வார். வலிக்கவும் செய்யும். கீழே போவதற்கு முழங்கால்களை மடக்க வேண்டும், முதுகைக் கூன் போடக் கூடாது. அப்புறம், ஃப்ளையர் குதிக்கும் அதே நொடியில் முழங்கால்கள் நிமிர, இடுப்பிலிருந்து முன்னால் மடங்க வேண்டும், முதுகு பலகை மாதிரி தட்டையாக. நெற்றி தரையை நோக்கிப் போகும் அளவுக்குக் குனிந்துவிட்டால் பலகை சறுக்குமரம் ஆகிவிடும். ஃப்ளையர் தலைகுப்புறச் சரிவார்.

ஃப்ளையரின் தவறுகள் வேறு மாதிரி. பின்னால் உருளப் போகிறோம் என்றதும் தலை தானாகவே பின்னால் சாயும். அது பயத்தில் வரும் அசைவு, யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் தலை பின்னால் போனால் முதுகு வில்லாக வளைந்து கால்கள் நீண்டுவிடும். நீண்ட உடல் மெதுவாகத்தான் சுழலும். சுற்று முடிவதற்குள் தரை வந்துவிடும். முட்டிதான் முதலில் படும். எனவே முதலில் நேர் மேலே குதியுங்கள், பின்னால் பாயாதீர்கள். தாடை நெஞ்சோடு, முழங்கால்களும் நெஞ்சோடு. தரையில் பின்புறக் குட்டிக்கரணம் பயமில்லாமல் போட வரும்வரை இன்னொருவர் முதுகின் மேல் போக வேண்டாம்.

முழங்கைப் பிடியை எப்போது விடுவது? என்னைக் கேட்டால், இந்தப் பல்டியில் மிக அபாயமான நொடி இதுதான். பயந்துபோய் முன்னாலேயே விட்டால் ஃப்ளையர் தலையில் விழலாம். கடைசிவரை இறுக்கிக்கொண்டிருந்தால் அவருடைய தோள் பின்னால் முறுக்கிக்கொள்ளும். அவருடைய இடுப்பு பேஸின் தலையைத் தாண்டி, கால்கள் தரையை நோக்கி இறங்கும்போது பிடி கழன்று வர வேண்டும். அந்த நொடி உடலுக்குப் பழகும்வரை குதிக்காமல், நிதானமாக உருட்டிப் பாருங்கள். இரண்டு பக்கமும் ஒவ்வொருவர் நின்று, ஒரு கையை ஃப்ளையரின் தோளுக்குக் கீழும் மறு கையைத் தொடையிலும் கொடுத்துத் தாங்க வேண்டும். தள்ளி நின்று ஃபோனில் வீடியோ எடுப்பவர் துணை ஆள் ஆக மாட்டார்.

வாட்ச், வளையல், பெல்ட் பக்கிள், பாக்கெட்டில் பேனா: எல்லாவற்றையும் கழற்றி வையுங்கள். ஈரத் தரை, வழுக்கும் செருப்பு வேண்டாம்.

இன்னொரு தவறு பேச்சில் இருக்கிறது. இருவரில் யார் ‘வேண்டாம்’ என்றாலும் ஆட்டம் அங்கேயே நிற்கும் என்று முன்கூட்டியே பேசி வைக்க வேண்டும். பாதி மனதோடு குதிப்பதுதான் ஃப்ளையருக்கு ஆபத்து. அரைச் சுற்றில் மனம் மாறினால் திரும்ப வழி இல்லை. ‘இன்னும் ஒரே ஒரு தடவை’ என்று களைத்த பிறகு செய்வதும் இதே ரகம். கால் சோர்ந்துவிட்டால் குதிப்பு குறையும், குறைந்ததை பேஸ் முதுகால் ஈடுகட்டப் பார்ப்பார். அன்றைக்கு அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

சரி, மெதுவாக உருள வந்துவிட்டது. அடுத்தது பாட்டோடு சேர்த்துச் செய்வது. பலர் பாட்டை மறந்துவிட்டு, நடனத்தை நிறுத்தி, தயாராகி, பல்டி அடித்து, மறுபடி ஆடத் தொடங்குவார்கள். மேனிங் இதை ‘ஏர் ஸ்டெப்’ என்று அழைத்தார்; காற்றில் வைக்கும் அடி. குனிவது, குதிப்பது, இறங்குவது மூன்றும் தாளத்தில் விழ வேண்டும். முதலில் வாயால் எண்ணி, பிறகு மெதுவான பாட்டில், கடைசியாகத்தான் வேகமான ஸ்விங் இசையில்.

மற்ற வடிவங்களுக்குத் தாவுவதிலும் அவசரம் தெரிகிறது. பக்கவாட்டில் நின்று, ஒரு கை இடுப்பைச் சுற்றியும் மறு கை தொடைக்கு அடியிலும் இருக்கச் சுழற்றும் பல்டி பார்க்க எளிதாகத் தெரியும். ஆனால் அதில் உருள முதுகு கிடையாது. ஃப்ளையர் குதிக்காவிட்டால் முழு எடையும் பேஸின் கைகளுக்கு வந்துவிடும். பேஸும் ஃப்ளையரும் இடம் மாற்றிச் செய்வதை மட்டும் யாரும் தள்ளிப்போட வேண்டாம். முதலில் சுமந்தது பிக் பீதானே? ஒரு தடவை பேஸாக நின்றவருக்கு, ஃப்ளையராகப் போகும்போது எப்போது குதிக்க வேண்டும் என்பது யாரும் சொல்லாமலே தெரியும்.

இவ்வளவும் பயிற்சி இடத்துக்கும் மேடைக்கும் மட்டும். எல்லோரும் கலந்து ஆடும் தளத்தில் சுழலும் கால் பக்கத்து ஜோடியின் முகத்தில் படலாம். அங்கே இதைச் செய்யவே செய்யாதீர்கள், நன்றாக வந்தாலும்.