ரீமாஸ்டர் பதிப்பு வாங்கும் முன் மீட்டர் முள்ளைப் பாருங்கள்

வானொலி நிலையம் ஒன்றின் ஒலிப்பதிவு அறையில் இருபத்திரண்டு ஆண்டுகள் வேலை பார்த்தேன். என் மேசையில், ஒலியளவை முள்ளால் காட்டும் வி.யு. மீட்டர்கள் இரண்டு இருந்தன. பாடுபவர் மூச்செடுக்கும்போது முள் இடப்பக்கம் சாயும். குரல் ஏறினால் வலப்பக்கம் துள்ளி, சிவப்புக் கோட்டைத் தொட்டுவிட்டுத் திரும்பும். அந்தத் துள்ளலைப் பார்த்தே பாட்டு உயிரோடு இருக்கிறதா என்று சொல்லிவிடலாம். ஓய்வு பெற்ற பிறகு அதேபோன்ற பழைய மீட்டர் ஒன்றை வாங்கி, வீட்டில் ஆம்ப்ளிஃபயருக்கு அருகில் இணைத்து வைத்திருக்கிறேன்.

அறுபதுகள், எழுபதுகளின் ராக் ஆல்பங்கள் 'ரீமாஸ்டர்' என்ற ஒட்டுத்தாளுடன் மீண்டும் மீண்டும் வந்துகொண்டே இருக்கின்றன. ஏற்கெனவே வைத்திருப்பதை மறுபடி வாங்க வேண்டுமா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். என் பதில் இதுதான்: உங்களிடம் இருக்கும் பழைய சி.டி. மோசமான நாடாவிலிருந்து எடுக்கப்பட்டது என்றால் தயங்காமல் வாங்குங்கள். பழையது நன்றாக இருந்து, புதியது வெறும் சத்தம் கூட்டப்பட்டது என்றால் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். எது எந்த வகை என்பதைக் கண்டுபிடிக்கும் வழியைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒட்டுத்தாளை நம்பாமல் உறையின் பின்பக்கத்தைப் படியுங்கள். மாஸ்டரிங் வேறு, மிக்ஸிங் வேறு. கிட்டார், டிரம்ஸ், குரல் என்று தனித்தனித் தடங்களில் இருப்பதை ஒன்றாகக் கலந்து இரண்டு தடமாக்குவது மிக்ஸிங். அப்படிக் கலந்து முடித்த நாடாவை எடுத்து, தாழ்சுரம் உச்சசுரம் சீராக்கி, இசைத்தட்டுக்கோ சி.டி.க்கோ ஏற்றபடி தயார் செய்வது மாஸ்டரிங். ரீமாஸ்டர் என்றால் இந்த இரண்டாவது வேலையை மட்டும் மறுபடி செய்திருக்கிறார்கள் என்று பொருள். ரீமிக்ஸ் என்றால் கலவையையே கலைத்துவிட்டுப் புதிதாகக் கலந்திருக்கிறார்கள். பீட்டில்ஸின் 'சார்ஜென்ட் பெப்பர்' ஆல்பத்துக்கு 2017இல் ஜைல்ஸ் மார்ட்டின் செய்தது ரீமிக்ஸ். அதே குழுவின் ஆல்பங்கள் 2009 செப்டம்பரில் மொத்தமாக வந்தது ரீமாஸ்டர். இரண்டையும் ஒரே அளவுகோலால் அளக்க முடியாது.

இந்த வேறுபாடு தெரியாமல் பலர் ஏமாந்திருக்கிறார்கள். ஆஸி ஆஸ்போர்னின் முதல் இரண்டு தனி ஆல்பங்களான 'பிளிசர்ட் ஆஃப் ஆஸ்', 'டைரி ஆஃப் எ மேட்மேன்' 2002இல் மறுவெளியீடு ஆனபோது, பாப் டெய்ஸ்லியின் பேஸ் கிட்டாரையும் லீ கெர்ஸ்லேக்கின் டிரம்ஸையும் நீக்கிவிட்டு, வேறு இருவரை வாசிக்கவைத்துச் சேர்த்திருந்தார்கள். வாசித்தவர்கள் திறமைசாலிகள்தான். ஆனால் 1980இலும் 1981இலும் மக்கள் காதலித்தது அந்த வாசிப்பை அல்ல. 2011 மறுவெளியீட்டில்தான் மூல வாசிப்பு திரும்பியது. இந்த இரண்டையும் பழைய கடையில் பார்த்தால் ஆண்டைப் பாருங்கள். 2002 என்றிருந்தால் வைத்துவிட்டு நகருங்கள்.

ஸீ ஸீ டாப் குழுவின் கதை இதற்கு நேர் எதிர். அவர்களுடைய 1973 ஆல்பம் 'ட்ரெஸ் ஓம்ப்ரெஸ்' 1987இல் சி.டி.க்கு வந்தபோது, எண்பதுகளின் நாகரிகத்துக்காக டிரம்ஸில் எதிரொலியைக் கொட்டி ரீமிக்ஸ் செய்திருந்தார்கள். டெக்சாஸ் மதுக்கடையின் வறண்ட ஒலி அதில் காணாமல் போயிருந்தது. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழித்து, 2006 ரீமாஸ்டரில்தான் மூலக் கலவை சி.டி.யில் கிடைத்தது. இங்கே புதிய பதிப்பை வாங்காமல் இருப்பதுதான் தவறு.

அடுத்த கேள்வி: எந்த நாடா?

இதை நான் மிகுந்த அக்கறையோடு சொல்கிறேன், ஏனென்றால் என் வாழ்நாளின் பெரும்பகுதி நாடாக்களோடு போயிற்று. ஒரு ஸ்பூலிலிருந்து இன்னொன்றுக்குப் பிரதி எடுத்தால், இரண்டு நாடாக்களின் இரைச்சலும் சேர்ந்து சுமார் மூன்று டெசிபெல் கூடும். பிரதியின் பிரதி என்றால் இன்னும் கூடும், உச்சசுரங்களின் விளிம்பும் மழுங்கும். 1982இல் சி.டி. அறிமுகமான பிறகு, கேட்பவர்கள் அதிகம், வெளியிட நேரம் குறைவு. கைக்குக் கிடைத்த நாடாவிலிருந்து பல ஆல்பங்களை மாற்றினார்கள். அவற்றில் சில, இசைத்தட்டு வெட்டுவதற்காகவே தயாரித்த பிரதிகள். இசைத்தட்டில் தாழ்சுரம் அதிகமானால் பள்ளம் அகலமாகி ஒரு பக்கத்தில் அடங்கும் நேரம் குறையும் என்பதால், அந்தப் பிரதிகளில் பேஸைக் கட்டுப்படுத்தியிருப்பார்கள். சி.டி.க்கு அந்தக் கட்டுப்பாடு தேவையே இல்லை. முதல் தலைமுறை சி.டி.கள் சில மெலிந்து, கூசும் ஒலியோடு இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

ஆகவே ரீமாஸ்டரின் கையேட்டில் 'மூல மாஸ்டர் நாடாவிலிருந்து' என்ற தெளிவான வரி இருக்கிறதா, பொறியாளரின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். பெருமையாகச் செய்த வேலைக்குக் கையெழுத்து இருக்கும். லெட் செப்பெலினின் 2014, 2015 பதிப்புகளில் அக்குழுவின் கிட்டார் கலைஞர் ஜிம்மி பேஜ் தானே உட்கார்ந்து வேலை வாங்கியிருக்கிறார், ஜான் டேவிஸ் மாஸ்டரிங் செய்திருக்கிறார். பிங்க் ஃப்ளாய்டின் 2011 பதிப்புகளுக்கு ஜேம்ஸ் கத்ரி. பீட்டில்ஸின் 2009 பதிப்புகளுக்காக ஆபி ரோடு ஸ்டூடியோவின் குழு நான்கு ஆண்டுகள் உழைத்தது. பெயரே இல்லாத ரீமாஸ்டரை நான் வாங்குவதில்லை.

ஒரு மறுபக்கமும் உண்டு. நாடாவுக்கும் வயதாகிறது. எழுபதுகளில் வந்த சில வகை நாடாக்களின் பசை ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுக்கும். ஓடவிட்டால் காந்தப்பொடி உரிந்து கருவியின் தலையில் ஒட்டும். அவற்றை மிதமான சூட்டில், ஐம்பது டிகிரி செல்சியஸை ஒட்டி, மணிக்கணக்கில் அடுப்பில் வைத்து உலர்த்திய பிறகே ஒருமுறை ஓட்டிப் பிரதி எடுப்பார்கள். 1985இல் நல்ல நாடாவிலிருந்து எடுத்த ஒரு சி.டி., அந்த நாடாவின் இளமையைப் பிடித்து வைத்திருக்கிறது. அதனால்தான் பழைய சி.டி. எல்லாமே குப்பை என்று சொல்பவர்களோடு நான் உடன்படுவதில்லை.

சத்தம்: இங்கேதான் பணம் வீணாகிறது

இரண்டு பதிப்புகளை அடுத்தடுத்துக் கேட்டால், சத்தம் சற்றுக் கூடுதலாக இருப்பதே நல்லதாகத் தோன்றும். காதின் இயல்பு அது. தொண்ணூறுகளிலிருந்து இந்த இயல்பை நம்பியே பல பதிப்புகள் தயாராயின. உச்சங்களை நசுக்கித் தட்டையாக்கிவிட்டு மொத்த அளவையும் தூக்கிவிடுவார்கள். முதல் ஐந்து நிமிடம் பிரமிப்பு, அரை மணி நேரத்தில் தலைவலி. அப்படி ஒரு மறுவெளியீட்டை நானும் ஒருமுறை முழுவிலை கொடுத்து வாங்கினேன். வீட்டு மீட்டரில் முள் வலப்பக்கம் போய் ஒட்டிக்கொண்டது. கிசுகிசுக்கும் குரலுக்கும் முழங்கும் டிரம்ஸுக்கும் முள்ளில் வித்தியாசமே இல்லை. அன்று எனக்கு வந்தது துக்கம். யாரோ முப்பது ஆண்டுகளுக்கு முன்பு பொறுமையாக ஏற்றி இறக்கி வைத்த ஒலி அது.

மீட்டர் இல்லாதவர்கள் கணினியில் இதையே செய்யலாம். ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளை நிறுவிக்கொண்டு, இரண்டு பதிப்புகளிலிருந்தும் ஒரே பாடலைத் திறவுங்கள். நல்ல பதிப்பின் அலைவடிவம் தென்னங்கீற்று மாதிரி, நீளமும் குட்டையுமாக நுனிகள் நீட்டிக்கொண்டிருக்கும். நசுக்கப்பட்டது கத்தரித்த வேலிபோல ஒரே உயரத்தில் நிற்கும். பார்ப்பதோடு நிறுத்திவிடாதீர்கள், கேட்கவும் வேண்டும். ஒலியளவைச் சமப்படுத்தும் வசதி அதே மென்பொருளில் இருக்கிறது. அது தானாகக் காட்டும் மைனஸ் 23 என்ற அளவையே இரண்டு பாடல்களுக்கும் கொடுங்கள். சத்தம் சமமாகிவிட்டால், புதிய பதிப்பு உண்மையிலேயே தெளிவா, அல்லது வெறும் உரப்பா என்பது சில நிமிடங்களில் தெரிந்துவிடும்.

வீட்டில் இன்னொருவர் உதவினால் இன்னும் நல்லது. என் பேத்தி எது எந்தப் பதிப்பு என்று சொல்லாமல் மாற்றி மாற்றி ஒலிக்கவிடுவாள், நான் தாளில் குறித்துக்கொள்வேன். லெட் செப்பெலினின் நான்காவது ஆல்பத்தில் ஆறு முறைக்கு ஐந்து முறை நான் தேர்ந்தது 2014 பதிப்பு. அந்த ஆல்பத்தின் கடைசிப் பாடலான 'வென் தி லெவி பிரேக்ஸ்' சோதனைக்கு மிகவும் ஏற்றது. ஜான் போனமின் டிரம்ஸை இங்கிலாந்தில் ஹெட்லி கிரேஞ்ச் என்ற பழைய வீட்டின் மாடிப்படிக் கூடத்தில் வைத்து, மேலிருந்து மைக்குகளைத் தொங்கவிட்டுப் பதிவு செய்தார்கள். ஒவ்வோர் அடிக்குப் பிறகும் அந்தக் கூடத்தின் எதிரொலி தேய்ந்து அடங்குவது கேட்க வேண்டும். அடுத்த அடி வரும்வரை ஒலி தேயாமல் அதே உயரத்தில் நின்றால், நசுக்கிவிட்டார்கள் என்று பொருள்.

பிங்க் ஃப்ளாய்டின் 'டார்க் சைட் ஆஃப் தி மூன்' இன்னொரு நல்ல உரைகல். தொடக்கத்தில் இதயத்துடிப்பு மௌனத்திலிருந்து மெல்லக் கிளம்ப வேண்டும். 'டைம்' பாடலின் கடிகாரங்கள் ஒன்றாக அடிக்கும்போது நீங்கள் நாற்காலியில் திடுக்கிட வேண்டும். திடுக்கிடவில்லை என்றால் அந்தப் பதிப்பு வேண்டாம்.

ரீமிக்ஸ்களைப் பற்றி என் கருத்து மாறியிருக்கிறது. முன்பு அவற்றை முற்றிலும் ஒதுக்கினேன். ஜெத்ரோ டல்லின் 'அக்வாலங்' ஆல்பத்தை ஸ்டீவன் வில்சன் 2011இல் கலந்து தந்ததைக் கேட்ட பிறகு அந்தப் பிடிவாதம் போயிற்று. 1971 இசைத்தட்டில் மூடிபோட்டு மறைத்ததுபோல் மந்தமாக இருந்த கிட்டாரும் பியானோவும் வெளியே வந்திருக்கின்றன. அவர் சத்தத்தையும் உயர்த்தவில்லை. பீட்டில்ஸின் 'ரிவால்வர்' 2022 ரீமிக்ஸ் வேறொரு வகை. 1966இல் நான்கு தட நாடாவில் டிரம்ஸ், பேஸ், கிட்டார் எல்லாம் ஒரே தடத்தில் சேர்ந்து பதிவானதை மென்பொருளால் பிரித்தெடுத்துக் கலந்திருக்கிறார்கள். வியப்பான வேலை, ஆனால் மூலத்துக்குப் பதிலாக அல்ல, மூலத்தோடு சேர்த்தே வாங்கத்தக்கது. 'ரப்பர் சோல்' வாங்குபவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: 1987 சி.டி.யிலும் 2009 ஸ்டீரியோ சி.டி.யிலும் இருப்பது பீட்டில்ஸின் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின் எண்பதுகளில் செய்த ரீமிக்ஸ். 1965 ஸ்டீரியோ கலவை வேண்டுமென்றால் 2009 மோனோ (ஒற்றைத் தட) பெட்டியில் கூடுதலாகச் சேர்த்திருக்கிறார்கள்.

இசைத்தட்டுகளில் 180 கிராம் என்பது தட்டின் எடை மட்டுமே, அதில் ஒலியின் தரம் எதுவும் இல்லை. டிஜிட்டல் கோப்பிலிருந்து வெட்டினார்களா, நாடாவிலிருந்தா என்று விசாரியுங்கள். பீட்டில்ஸ் மோனோ இசைத்தட்டுகள் 2014இல் நாடாவிலிருந்தே நேராக வெட்டப்பட்டன. 2012இன் ஸ்டீரியோ தட்டுகள் அப்படியல்ல. பழைய தட்டு என்றால், பாடல் முடிந்து லேபிள் வரும் இடைவெளியில் விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள், பல தட்டுகளில் வெட்டியவரின் முதலெழுத்துகள் கீறியிருக்கும். 'லெட் செப்பெலின் 2' இல் பாப் லட்விக்கின் 'ஆர்.எல்.' எழுத்துகள் இருந்தால் சேகரிப்பாளர்கள் பெரும் விலை கொடுப்பார்கள். என் அண்ணன் கல்கத்தாவில் வேலை பார்த்தபோது வாங்கிய பீட்டில்ஸ் ஆல்பம் 'ஆபி ரோடு' அங்குள்ள டம்டம் ஆலையில் அச்சானது. கீறல்கள் உண்டு, ஆனாலும் அதன் பேஸ் ஒலிக்காக இன்றும் ஓடவிடுகிறேன்.

ஆறேழு தட்டுகள் அடங்கிய பெட்டிகளுக்கு என் கணக்கு எளியது. ஒத்திகைப் பதிவுகளையும் விடுபட்ட பாடல்களையும் மூன்று முறையாவது கேட்பீர்களா? மாட்டீர்கள் என்றால் ஒற்றைத் தட்டுப் பதிப்பே போதும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். புதியதை வாங்கிய மறுநாளே பழையதை விற்றுவிடாதீர்கள். இணையத்தில் பாட்டுக் கேட்கும் சேவைகளில் பெரும்பாலும் ஆகக் கடைசி ரீமாஸ்டர் மட்டுமே கிடைக்கிறது. முந்தைய பதிப்பு சத்தமில்லாமல் மறைந்துவிடுகிறது. பழைய சி.டி. கடைகளில் அது இன்னும் சொற்ப விலைக்குக் கிடைக்கிறது. எடுக்கும்போது அடிப்பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்து, கீறல் மையத்திலிருந்து வெளிநோக்கி இருக்கிறதா, வட்டமாகச் சுற்றி ஓடுகிறதா என்று பாருங்கள். வெளிநோக்கிய கீறலைக் கருவி பெரும்பாலும் சமாளித்துவிடும், வட்டக் கீறலில் திணறும். லேபிள் பக்கத்தையும் விளக்குக்கு எதிரே தூக்கிப் பாருங்கள். ஊசிமுனை அளவு ஒளிப்புள்ளிகள் நிறையத் தெரிந்தால், அந்தத் தட்டைக் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்த பிரதியைக் கேளுங்கள்.